கடைசி வருஷமும் கல்லூரியிலா, நேரே என்எஃப்எல்லுக்கா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து மோதி ஆடுவது) ஆட்டக்காரர்களுக்கு ஜனவரி நடுவில் ஒரு கெடு வரும். பள்ளி முடித்து மூன்று வருஷம் ஆகியிருந்தால் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, பெயர் கொடுக்கலாம். இல்லையென்றால் கல்லூரியில் மிச்சமிருக்கும் வருஷத்தையும் ஆடிவிட்டுப் போகலாம்.

டிராஃப்டை ஐபிஎல் ஏலம் மாதிரி நினைத்துவிடக் கூடாது. போன சீசனில் கடைசியில் வந்த அணி முதலில் ஆளை எடுக்கும். எடுத்த அணிக்குத்தான் ஆட வேண்டும். எத்தனையாவது ஆளாக எடுக்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் சம்பளம். ஒரு வருஷம் காத்திருந்தால் அந்த இடம் ஏறுமா, இறங்குமா என்பதுதான் கேள்வி.

'இரு' என்று சொல்பவர்கள் முதலில் காட்டுவது ஆண்ட்ரூ லக்கை. 2010 சீசனில் அவருடைய ஸ்டான்ஃபோர்ட் அணி 13 ஆட்டங்களில் 12 ஜெயித்தது. 2011 டிராஃப்டில் முதல் ஆள் அவர்தான் என்றே பேச்சு. அவரோ கட்டிட வடிவமைப்புப் பட்டத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று தங்கிவிட்டார். அடுத்த வருஷம் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அவரை முதல் ஆளாகவே எடுத்தது.

இந்த உதாரணம் எனக்கு அவ்வளவாகச் செல்லாது. 2010இல் முதல் ஆளான சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருஷத்துக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம்; அதில் 50 மில்லியன் உறுதி. 2011இல் வீரர் சங்கத்துக்கும் அணி முதலாளிகளுக்கும் புது உடன்பாடு வந்தது. புதியவர்களின் சம்பளத்தை ஒரே வெட்டாக வெட்டினார்கள். அந்த வருஷ முதல் ஆள் கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது 4 வருஷத்துக்குச் சுமார் 22 மில்லியன். அடுத்த வருஷம் லக்குக்கும் ஏறக்குறைய அதேதான். பெரிய பணம் ஏற்கெனவே போய்விட்டது, ஆகவே காத்திருந்ததில் அவருக்கு நஷ்டம் குறைவு. இரண்டாவது ஒப்பந்தம் ஒரு வருஷம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

பொருத்தமான உதாரணம் வேண்டுமென்றால் மாட் லைனார்ட். 2004இல் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் தேசியப் பட்டமும் வாங்கியவர். 2005 டிராஃப்டில் உச்சியிலேயே போயிருப்பார். கல்லூரி வாழ்க்கை பிடித்துப்போய்த் தங்கினார். கடைசி சீசனில் அவர் எடுத்த ஒரே பாடம் பால்ரூம் நடனம்! ஆட்டத்தில் குறையொன்றும் இல்லை. தேசியப் பட்டத்துக்கான ரோஸ் பவுல் இறுதியில் டெக்சஸிடம் 41-38 என்றுதான் தோற்றார்கள். ஆனாலும் ஒரு வருஷம் கூடுதலாகத் துருவிப் பார்த்த அணிகள் அவரைப் பத்தாவது இடத்துக்குத் தள்ளின. அரிசோனா எடுத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜேக் லாக்கரும் இப்படித்தான். 2010இல் உச்சியில் பேசப்பட்டவர், தங்கினார், 2011இல் எட்டாவதாகப் போனார்.

பிராட்ஃபோர்டும் தங்கியவர்தான். 2009 சீசனின் முதல் ஆட்டத்திலேயே தோளில் அடி, அக்டோபரில் அதே தோளில் மறுபடியும், பிறகு அறுவை சிகிச்சை. அப்படியும் முதல் ஆளாகப் போனார். அதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது.

இதெல்லாம் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குகளின் கதை. பந்தோடு ஓடி அடிவாங்கும் ரன்னிங் பேக்குக்குக் கணக்கே வேறு. தெற்குக் கரோலைனாவின் மார்கஸ் லட்டிமோர் முதல் வருஷமே 1,197 யார்டு ஓடினார். 2011இல் ஒரு முட்டி போனது. 2012இல் இன்னொரு முட்டி, அதுவும் பார்க்க முடியாத அளவுக்கு. 2013இல் நான்காவது சுற்றில் சான் பிரான்சிஸ்கோ எடுத்தது; ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2014இல் ஓய்வு. அந்த இரண்டு அடியும் மூன்று வருஷ விதி அவரைக் கல்லூரியிலேயே பிடித்து வைத்திருந்த காலத்தில் பட்டவை. இந்த விதியை உடைக்க 2004இல் மாரிஸ் கிளாரெட் வழக்குப் போட்டு மேல்முறையீட்டில் தோற்றிருந்தார். கிறிஸ்டியன் மக்காஃப்ரி சமத்து. மூன்று வருஷம் முடிந்ததும் 2016 கடைசியில் சீசன் முடிவில் வரும் சன் பவுல் ஆட்டத்தைக்கூடத் தவிர்த்துவிட்டு டிராஃப்டுக்குப் போனார். எட்டாவது ஆள்.

அப்புறம் 2021 ஜூலையில் எல்லாம் மாறியது. அதுவரை தங்குபவருக்குப் படிப்புதவித்தொகைதான். டிக்கெட், டிவி வருமானம் முழுக்கக் கல்லூரிக்கு. இப்போது தன் பெயரையும் படத்தையும் வைத்து ஆட்டக்காரரே விளம்பரப் பணம் வாங்கலாம். 2025இலிருந்து கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம்; எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருஷ உச்சவரம்பு 20.5 மில்லியன் டாலர்.

இந்தப் புதுக் காலத்துக்குக் குவாட்டர்பேக்குகளான கேம் வார்டையும் குவின் யூவர்ஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வார்ட் 2024 ஜனவரியில் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார். சில நாளில் வாபஸ் வாங்கி மயாமி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2025இல் டென்னசி டைட்டன்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. டெக்சஸின் யூவர்ஸ் அதே டிராஃப்டில் 231ஆவது, அதாவது ஏழாவது, கடைசிச் சுற்று. வேறு கல்லூரிக்கு மாறியிருந்தால் ஒரே வருஷத்தில் பல மில்லியன் டாலர் கிடைத்திருக்கும் என்று அப்போதே செய்திகள் வந்தன. டெக்சஸிலேயே இருக்கவும் வழியில்லை, அடுத்த குவாட்டர்பேக்காக ஆர்ச் மானிங் காத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் மாறியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டிராஃப்டுக்கு முன்பே கேட்டால் என்எஃப்எல் ஆலோசனைக் குழு மதிப்பீடு தரும்: முதல் சுற்று, இரண்டாம் சுற்று, அல்லது கல்லூரியிலேயே இரு. முதல் பதில் வந்தவர் எந்த இடத்தில் ஆடினாலும் போய்விட வேண்டும். லைனார்ட் மாதிரி உச்சியிலிருந்து இறங்கத்தான் இடமிருக்கிறது. மூன்றாவது பதில் வந்த குவாட்டர்பேக் இன்றைக்கு யோசிக்கவே வேண்டாம், தங்கலாம். அதே பதில் வந்த ரன்னிங் பேக், காயத்துக்குக் காப்பீடும் கையில் உறுதியான பணமும் இருந்தால் மட்டும் தங்கட்டும்.