‘சென்ட்ட விடுங்க, ஆளச் சொல்லுங்க அக்கா’

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் ஆண்களுக்கான சென்ட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக 289 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து நான் வாங்கியது போலி. புகார் கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை கடையின் பெயரையும் அது இருக்கும் தெருவையும் எழுதக்கூடாது என்றிருக்கிறேன். எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பிறை என்கிற ஊரில் ஒரு லாரிப் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் மெக்கானிக்காக இருந்தவர். அதிகம் பேசமாட்டார். வேலை முடிந்து வந்து, குளித்து, கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கிளம்பும்போது கழுத்தில் ஒரே ஒரு தடவை ஃபாரன்ஹைட் சென்ட் அடித்துக்கொள்வார். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா 1994-ல் வாங்கி வந்து கொடுத்தது முதல் பாட்டில். அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் தொட்டதில்லை.

டியோர் நிறுவனம் 1988-ல் வெளியிட்ட சென்ட் அது. வயலட் செடியின் இலை, பதனிட்ட தோல், இவற்றுக்கு முன்னால் பெட்ரோல் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தியதும் மூக்கில் ஏறுமே, அதுபோல ஒரு வாசம் வரும். பிடிக்காதவர்கள் அதற்காகத்தான் முகம் சுளிப்பார்கள். அப்பாவுக்கு அது தன் தொழிலின் வாசம், அழுக்கு எல்லாம் போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்ட தொழில். கல்யாண வீட்டில் அவர் வாசல் தாண்டும் முன்பே அத்தை “அண்ணே வந்துட்டாரு” என்பார். எங்கள் வீட்டில் அவரையும் அந்த வாசத்தையும் பிரித்துப் பார்க்கவே தெரியாது.

இதையெல்லாம் அந்தக் கடையில் நான் வாயாலேயே சொன்னேன். சொல்ல வைத்தார்கள்.

உள்ளே போய் “ஃபாரன்ஹைட் இருக்கா தம்பி?” என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பையனுக்கு இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும். “இருக்கு. ஆனா சென்ட்ட விடுங்க, ஆளச் சொல்லுங்க அக்கா. அப்பா எப்படிப்பட்டவரு?” என்றான். சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டான். பிறகு ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து வைத்தான். ஓ சவாஜ், 1966, எலுமிச்சை வாசம், கணக்காக இருக்கிற பெரியவர்களுக்கு. கூல் வாட்டர், அதுவும் 1988-தான், கடற்கரைக்குப் போகிற இளவட்டத்துக்கு. ஃபாரன்ஹைட்? “குறைவா பேசுவாரு, பேசினா எல்லாரும் கேப்பாங்க. உங்க அப்பா இதுதான்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் சொன்ன வருஷங்களில் தப்பில்லை, வாசங்களைப் பற்றிச் சொன்னதிலும் தப்பில்லை. விஷயம் தெரிந்த பையன். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

வெள்ளைக் காகிதப் பட்டையில் அடித்து முகரக் கொடுத்தான். அப்பா என் பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. அது அசல். இதைக் கவனியுங்கள்: முகரக் கொடுக்கிற பாட்டில் அசல், பெட்டியில் கட்டிக் கொடுப்பது வேறு. “பிரிச்சுப் பாக்கலாமா?” என்று கேட்டேன். “சீல் உடைச்சா வாங்கித்தான் ஆகணும் அக்கா, பரிசுக்கு வேற குடுக்கறீங்க” என்றான். பெரிய கடைகளின் விலையைவிடக் குறைவாக இருக்கிறதே என்றதற்கு, “ஏஜென்ட் இல்லாம நேரா எடுக்கறோம்” என்றான். வாங்கிவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை அப்பா பசியாறிவிட்டு, புது வேட்டி கட்டி, என் எதிரிலேயே பிரித்து அடித்துக்கொண்டார். மெல்லிய புகைபோல வராமல் ரெண்டு மூன்று துளியாகக் கழுத்தில் வழிந்தது. பட்டென்று ஸ்பிரிட் நெடி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மகள் வாங்கிக் கொடுத்தது என்று இன்னொரு தடவையும் அடித்துக்கொண்டார். மாலை மாற்றி ஐயர் கலசத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில், காலருக்கு மேலே வலது பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது. மாலை உரச உரச அப்பா விரலால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போட்டோவில் எல்லாம் அந்தக் கை அப்படியே இருக்கிறது. மறுநாள் கிளினிக்கில் ஒவ்வாமை என்று களிம்பு கொடுத்தார்கள். ஆறுவதற்கு ஒன்பது நாளானது.

அந்த வாசமோ மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விட்டது. என் கைப்பையில் ஐந்து நாளாகக் கிடந்த காகிதப் பட்டை மட்டும் மணந்துகொண்டிருந்தது. அதை எடுத்து முகர்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அப்பாவின் பழைய காலி பாட்டிலையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும், எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாது. புதியதில் பெயின்ட் அடித்தது போல ஒரு விளிம்பு தெரிந்தது. பெட்டியின் அடியில் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இருந்தது, பாட்டிலின் அடியில் வேறு எண். ரெண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். மூடி தலைகீழாகப் பிடித்தால் தானாக விழுந்தது. மலேசியாவில் இதை விற்பனைக்கு விடும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் பெட்டியில் எங்கும் இல்லை. இங்கே வாசனைத் திரவியமும் ஒப்பனைப் பொருள் கணக்குதான், தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் அறிவிக்கப்பட்டிருக்கவேண்டும். அவர்கள் பட்டியலில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நான் வாங்குவதற்கு முன் தேடவில்லை.

திரும்பக் கடைக்குப் போனேன். அதே பையன். “சென்ட்டு ஆளுக்கு ஆள் மாறும் அக்கா, உங்க அப்பா தோலு அப்படி” என்றான். விற்கும்போது அப்பாவுக்கென்றே செய்தது போலப் பேசியவன், நான் திருப்பிக் கொடுக்கப் போனால் அப்பாவின் தோலைக் குறை சொல்கிறான். வாசம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும் என்பது உண்மைதான். அதற்காகப் பாட்டிலின் அடியில் இருக்கும் எண் மாறாது. இதைச் சொன்னதும் உள்ளிருந்து முதலாளி வந்து ரசீதைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது.

அந்த வரியைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 நமக்குக் கொடுக்கிற உரிமையை ரசீதில் ஒரு வரி அச்சடித்து யாரும் பறிக்க முடியாது. போலியை அசல் என்று சொல்லி விற்பது வாணிப விவரிப்புச் சட்டம் 2011-இன்படி குற்றம், அதற்கு உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுக்கலாம், கொடுத்துவிட்டேன். பணத்துக்கு பயனீட்டாளர் தீர்ப்பாயம், நம் ஆட்களுக்கு திரிபூனல் என்றால்தான் தெரியும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வாங்கி மூன்று வருஷத்துக்குள் போகவேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. இணையத்திலேயே பாரத்தை நிரப்பினேன், மலாயில் எழுத அரைமணி நேரம் பிடித்தது.

அப்பா “289 வெள்ளிக்கு எதுக்குமா இவ்வளவு அலைச்சல்” என்றார். களிம்பு தடவிய இடத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருந்தது. நான் பதில் சொல்லாமல் ரெண்டு பாட்டிலையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டினேன், விசாரணை நாளில் எடுத்துப்போக.

லிட்டில் இந்தியா பக்கம் உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். எந்தக் கடை என்று அங்கே பேசிக்கொள்ளலாம். பெட்டியையும் ரசீதையும் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மிச்சமிருக்கும் சென்ட்டையும் கொட்டிவிடாதீர்கள்.