பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட்: ஷோரூமா, ஜி.பி. ரோடா, புதுப்பேட்டையா?

சென்னையில் பைக் வைத்திருப்பவருக்கு பிரேக்கோ கிளட்ச்சோ தேய்ந்தால் நான்கு வழி உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டு, அவர்கள் போடுவதை வாங்கிக்கொள்ளலாம். ஸ்பேர் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் சாமான் வாங்கித் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். புதுப்பேட்டையில் கழட்டின சாமான் தேடலாம். இல்லையென்றால் செல்போனிலேயே ஆர்டர் போடலாம். எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆனால் எந்தச் சாமானுக்காகக் கேட்கிறீர்கள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. உரசித் தேய்கிற சாமானுக்கு நல்ல கடை வேறு, வெறும் உலோகமாக இருக்கிற சாமானுக்கு நல்ல கடை வேறு.

பிரேக் ஷூவில் ஆரம்பிப்போம். கடைக்குப் போகும் முன் தேய்ந்தது ஷூதானா என்று பார்த்துவிடுங்கள். பின் பிரேக்கை முழுக்க மிதித்தால், டிரம் (ஷூ உள்ளே உரசும் வட்டக் கிண்ணம்) பக்கத்தில் பிரேக் கம்பி இழுக்கும் ஆர்முக்கு அருகே ஒரு சின்ன அம்புக்குறி நகரும். அது எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது. சக்கரத்தைக் கழட்டும்போது டிரம்மையும் பாருங்கள். 130 மி.மீ. டிரம் என்றால் அதிகபட்சம் 131 மி.மீ. என்று பெரும்பாலும் அதிலேயே பொறித்திருப்பார்கள். அதைத் தாண்டிய டிரம்மில் எவ்வளவு விலை உயர்ந்த ஷூ போட்டாலும் பிரேக் பழையபடி பிடிக்காது.

ஷூ கெட்டுவிட்டது, சரி. ஷோரூம் டப்பாவா, ஜி.பி. ரோடு டப்பாவா? பைக் கம்பெனிகள் பெரும்பாலும் பிரேக் ஷூவைத் தாங்களே செய்வதில்லை. ஏ.எஸ்.கே. ஆட்டோமோட்டிவ், எண்டூரன்ஸ் போன்றவர்கள் செய்து கொடுக்கிறார்கள். இப்படிப் பைக் கம்பெனிக்கே சப்ளை செய்கிறவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் கடைக்கு அனுப்புகிறார்கள். ஒரே ஆலை என்பதற்காக லைனர் (ஷூ மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டை) கலவையும் ஒன்றேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஷூ விஷயத்தில் என் ஓட்டு இவர்களுக்குத்தான். ஷோரூமை விட விலை குறைவு, தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஜி.பி. ரோட்டில் உள்ள தொல்லை டூப்ளிகேட். டப்பா அச்சு அசலாக இருக்கும், உள்ளே இருப்பது வேறு. எம்.ஆர்.பி., பேக் செய்த மாதம், பார்ட் நம்பர் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஆனால் அதையும் அச்சடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் பழைய ஷூவைக் கையோடு கொண்டுபோய்க் கல்லாமேல் வைத்து, புதியதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டிய இடத்தில் பசை பிதுங்கி வழிந்திருக்கிறதா? அச்சில் வைக்கும் முனையில் வார்ப்புப் பிசிறு நிற்கிறதா? ஸ்பிரிங் மாட்டும் துளை இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா? ஜோடியில் ஒன்றுக்கொன்று லைனர் கனம் ஒத்துப்போகிறதா? இதைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. டப்பாவைப் பிரிக்க விடாத கடையில் வாங்க வேண்டியதில்லை.

"லோக்கல் ஷூ ரொம்ப நாள் உழைக்குது சார்" என்று சிலர் புகழ்வார்கள். அது புகழ்ச்சியே இல்லை. லைனர் கல்லாக இருந்தால் தானும் தேயாது, வண்டியையும் நிறுத்தாது, தேய்வதெல்லாம் டிரம்தான். டிரம் என்பது சக்கரத்து ஹப்போடு சேர்ந்த பகுதி. ஸ்போக் சக்கரத்தில் அதை மாற்றுவதென்றால் ஸ்போக்கை எல்லாம் அவிழ்த்துக் கட்டி, கோட்டம் எடுத்து, கூலியும் கொடுக்க வேண்டும். இடையில் ஒன்று: கழட்டிய டிரம்மை வாயால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை. மலிவு லைனரில் மூச்சில் போகக்கூடாத ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணி போதும்.

டிஸ்க் பேடுக்கும் இதே கதைதான், ஒரே ஒரு வேறுபாடு. வண்டியோடு வந்தது ரெசின் கலவைப் பேடா, உலோகத்தூள் சேர்த்து அழுத்திய சின்டர்டு பேடா என்று தெரிந்துகொண்டு அதே வகையைப் போடுங்கள். மென்மையான பேடுக்காக வந்த டிஸ்க்கில் சின்டர்டு போட்டால் டிஸ்க் சீக்கிரம் கரையும். டிஸ்க்கிலும் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். காலிப்பர் சீல், மாஸ்டர் சிலிண்டர் கிட் என்று ரப்பர் சம்பந்தப்பட்டது எதுவானாலும் ஷோரூம்தான், பேரமே வேண்டாம். பிரேக் ஆயில் மூடியில் டாட் 3, டாட் 4 என்று என்ன போட்டிருக்கிறதோ அதுவே ஊற்ற வேண்டும். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால், போன வருடம் திறந்து வைத்த மீதிப் பாட்டில் எவ்வளவு இருந்தாலும் உதவாது.

கிளட்ச்சில் கணக்கு மாறுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இதற்கே சொன்னது போலிருக்கும். கவரைத் திறக்கக் கூலி, புது கேஸ்கெட், இன்ஜின் ஆயில் என்று சேர்த்தால் பல வண்டிகளில் பிளேட் விலையை நெருங்கிவிடும், சில வண்டிகளில் தாண்டியும் விடும். அதில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்க லோக்கல் பிளேட் போட்டு, சில மாதத்தில் மறுபடி திறப்பது வீண். மலிவு பிளேட்டில் கனம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. பிளேட் அடுக்கின் மொத்த உயரம் குறைந்தால் ஸ்பிரிங் அழுத்தம் குறைந்து, மேட்டில் ஆக்சிலரேட்டர் திருகினால் இன்ஜின் மட்டும் கத்தும். இங்கே நான் ஷோரூம் பக்கம். உரசும் பிளேட்டோடு ஸ்பிரிங்கையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். இடையில் வரும் இரும்பு பிளேட் வளையாமல், சூட்டில் நீலம் பாயாமல் இருந்தால் பழையதே ஓடும். புது பிளேட்டை மாட்டும் முன் இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டாரா என்று மெக்கானிக்கிடம் கேட்பதில் தப்பில்லை.

பிளேட் வாங்கும் முன் ஆயில் கேனையும் ஒரு தடவை பாருங்கள். பெரும்பாலான பைக்கில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஓடுகிறது. அதற்கேற்ற ஆயில் என்று காட்டும் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 முத்திரை இல்லாத கார் ஆயிலை ஊற்றியிருந்தால், பிளேட் நன்றாக இருந்தும் வழுக்கலாம்.

இப்போது புதுப்பேட்டை. கூவம் கரையோரத்துக் காயலான் கடைகளை ஒரேயடியாக ஒதுக்குவதும் தப்பு, எல்லாவற்றுக்கும் அங்கே ஓடுவதும் தப்பு. பழைய ஷூ, பேடு, கிளட்ச் பிளேட், சீல் எதையும் அங்கே தொடாதீர்கள். ஆனால் பிரேக் பேனல், காலிப்பர் உடல், லீவர், கிளட்ச் கவர் போன்ற வார்ப்புச் சாமானுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. விபத்தில் விழுந்த புது வண்டியிலிருந்து கழட்டியது, மலிவான புதுச் சாமானை விட உறுதியாக இருக்கும். பிளேட் அடுக்கு உட்காரும் கூடையான கிளட்ச் ஹவுசிங் மட்டும் கவனம். அதன் விரல்களின் பக்கவாட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிளேட் காதுகள் இடித்து இடித்துப் படிக்கட்டு போட்டிருந்தால் நகம் மாட்டும். அதில் புது பிளேட் போட்டாலும் சிக்கிச் சிக்கித்தான் விடும், சிக்னலில் நியூட்ரல் விழாது. லேசான தடத்தை அரத்தால் தேய்த்துச் சமாளிக்கலாம். ஆழமாக இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

ஆன்லைனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பார்ட் நம்பர் கையில் இருந்தால் வசதி, வண்டிப் பெயரை மட்டும் நம்பினால் தலைவலி. 2019 ஏப்ரலில் 125 சி.சி. வரை சி.பி.எஸ். (ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிப்பது) அல்லது ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), அதற்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தது. ஒரே பெயரில் ஓடும் வண்டியில் அதற்கு முன்னும் பின்னும் சாமான் மாறியிருக்கலாம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஷோரூம் ஸ்பேர் கவுண்டரில் பார்ட் நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் எங்கே வேண்டுமானாலும் விலை பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பைக் ஸ்பேருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பழைய எம்.ஆர்.பி. ஒட்டிய டப்பாவை அதே விலைக்குத் தள்ளப் பார்த்தால் கேளுங்கள்.

ஆர்.எக்ஸ். 100 போல 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி வைத்திருப்பவருக்கு இந்தத் தரவரிசை அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு ஜி.பி. ரோட்டில் பழகின கடைக்காரர் ஒருவர் வேண்டும். புதிதாகச் செய்து வரும் பிளேட்டை வெர்னியர் அளவுகோலால் கனம் அளந்து பார்த்து வாங்கும் பொறுமையும் வேண்டும். பழைய சரக்கில் சீல் உடையாத கம்பெனி டப்பா எப்போதாவது கண்ணில் பட்டால் இரண்டு செட்டாக எடுத்து வைத்துக்கொள்ளலாம், ரப்பர் சாமானைத் தவிர.