மக்களைத் தேடி மருத்துவம்: வீட்டு முதியோருக்கு எவ்வளவு உதவும்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசுத் திட்டம் இது. பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு. நடமாட முடியாதவருக்குப் பஸ் செலவும், துணைக்குப் போகிறவரின் ஒருநாள் கூலியும் மிச்சம். இதற்கே கையெடுத்துக் கும்பிடலாம்.

கவனம் தேவைப்படுவது வீட்டில் பிரஷர் அளக்கும்போதுதான். கொல்லையிலிருந்து வந்தவரின் கையில் உடனே பட்டையைச் சுற்றினால் பிரஷர் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பிறகு நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். முதியவர் தடுமாறி விழுவதற்குப் பிரஷர் மாத்திரையே காரணமாகலாம்.

காது, கண், ஞாபகம், பசி பற்றியும் ஒவ்வொரு முறையும் விசாரிக்க வேண்டும். கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ 14 நொடிக்கு மேலானால், பிசியோதெரபிஸ்ட்டை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.