சிச்சேன் இட்சா அட்டைப் பிரமிடு: மூன்று மாலைப்பொழுதுகளுக்குத் தகுதியான பெட்டி

தியாகராய நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு பொம்மைக் கடையில் அண்ணன் மகளுக்காக 650 ரூபாய்க்கு இந்தப் பெட்டியை வாங்கினேன். மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில், சிச்சேன் இட்சாவில் உள்ள, பாம்புக் கடவுளான குக்குல்கானின் பிரமிடை வெட்டி ஒட்டிக் கட்டுவதற்கான அட்டைகளும் ஒரு சிறு கையேடும் இதில் உள்ளன.

கட்டி முடித்த மாதிரியை அடுக்காகக் கழற்றிப் பார்க்க முடிவதே இதன் பெருஞ்சிறப்பு. அங்கே பழங்காலத்தில் வாழ்ந்து இதைக் கட்டிய மாயா மக்கள் பழைய பிரமிடை இடிக்காமல் அதன் மேலேயே புதியதை எழுப்பினார்கள் என்று பல முறை படித்திருந்தும், வெளிக்கூட்டைத் தூக்கியதும் உள்ளே சிறிய பிரமிடு ஒன்று முழுமையாக நிற்பதைக் கண்டபோதுதான் அது என் மனத்தில் பதிந்தது. 1930களின் அகழாய்வில் அந்த உட்கோயிலில் கிடைத்த, பச்சை நிற ஜேடு கற்கள் பதித்த, ஜாகுவார் (சிறுத்தையை ஒத்த விலங்கு) வடிவச் சிவப்பு இருக்கையையும் விரல்நக அளவில் சேர்த்திருக்கிறார்கள். அதற்கும் உள்ளே சுமார் 10 மீட்டர் உயரமுள்ள மூன்றாவது கட்டடம் இருப்பதாக 2016-இல் ஆய்வாளர்கள் அறிவித்தது மட்டும் இதில் இடம்பெறவில்லை.

படிக்கணக்கும் சரியாகவே இருக்கிறது. பக்கத்திற்கு 91 வீதம் நான்கு பக்கங்களிலும் 364 படிகள், உச்சி மேடையோடு 365. குழந்தை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தாள். பிறகு அறை விளக்கை அணைத்து, கைபேசி வெளிச்சத்தை மேற்கிலிருந்து தாழ்வாகக் காட்டினோம். ஒன்பது அடுக்குகளின் விளிம்பு நிழல் வடக்குப் படிக்கட்டின் பக்கச்சுவரில் விழ, இடையிடையே ஒளி முக்கோணங்களாக நெளிந்திறங்கி, அடியிலுள்ள பாம்புத் தலையைத் தொட்டது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாகும் நாள்களை ஒட்டி, மாலை வெயிலில் அங்கே தெரிவதும் இந்தப் பாம்புதான். அந்த ஒரு காட்சிக்காகவே கொடுத்த பணம் தகும்.

கையேடு ஏமாற்றமளித்தது. இதை ‘அஸ்டெக் கோயில்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். மெக்சிகோவின் நடுப்பகுதியை ஆண்ட வேறோர் இனத்தாரான அஸ்டெக்குகளின் தலைநகரான டெனோச்டிட்லான் மரபுக் கணக்கின்படி 1325-இல் நிறுவப்பட்டது. இப்பிரமிடோ அதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய மாயாக் கட்டடம். பிள்ளைகள் கையில் சேரும் தாளில் இத்தகைய பிழை இருக்கவே கூடாது. அட்டை முழுவதும் சாம்பல் நிறமாக இருப்பதும் குறையே, ஏனெனில் மாயாக் கோயில்கள் சுண்ணச்சாந்து பூசி, பெரும்பாலும் சிவப்பு வண்ணம் தீட்டப்பட்டவை. கபாலீசுவரர் கோயில் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களை வண்ணத்தோடு பார்த்து வளரும் மயிலாப்பூர்க் குழந்தைக்கு இதை விளக்குவது எளிது. சிவப்பில் ஓர் அட்டையேனும் சேர்த்திருக்கலாம்.

வாங்குவோருக்கு ஒன்று: பெட்டியில் வரும் நீர்த்த பசையால் நம் ஊர் ஈரக்காற்றில் அட்டை நெளிகிறது. கெட்டியான வெள்ளைப் பசையால் ஒட்டி, ஒவ்வோர் அடுக்கின் மேலும் கனமான புத்தகம் ஒன்றை இரவு முழுவதும் வைத்திருந்தால் விளிம்பு சுருளாது.