எங்கள் மணிக்கு ஒரு படம்: கும்பகோணத்தில் வரையக் கொடுத்தது

எங்கள் நாய் மணி ராஜபாளையம் ஜாதி. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. மகாமகக் குளத்துப் பக்கம் தஞ்சாவூர் படம் போடுகிறவர் ஒருவர் போட்டோவைப் பார்த்தும் வரைவார் என்றார்கள். வாட்ஸப்பில் அனுப்பிய முதல் போட்டோ அவருக்குப் பிடிக்கவில்லை. “ஃபிளாஷ்ல கண்ணு பச்சையா விழுந்திருக்கு சார். திண்ணையில காலை வெளிச்சத்துல, அது கண்ணு உசரத்துக்குக் குனிஞ்சு எடுங்க” என்றார். சரி, எடுத்தோம்.

வெள்ளை நாயை வரைவது லேசில்லை. விலாப்பக்க நிழலில் நீலம் கலந்த சாம்பல், வெயில் ஊடுருவும் காது மடலில் மெல்லிய ரோஸ். சுத்த வெள்ளை என்று பார்த்தால் நெற்றியில் ஒரு கீற்று, கண்ணில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அசந்துவிட்டேன்.

தங்கத்தாள் ஒட்டலாமா என்று அம்மா கேட்டார். “பைரவரோட சேர்த்துப் போட்டா ஒட்டித் தரேம்மா” என்று சிரித்தார்.

12க்கு 16 அங்குலம், அக்ரிலிக், 3,500 ரூபாய். சொன்ன தேதிக்குக் கிடைக்காது, நச்சரிக்க வேண்டும். ஃபிரேம் சுமார், பின் அட்டை ஐப்பசி மழைக்கே நமுத்துவிடும். கான்வாஸை மட்டும் வாங்கி, ஃபிரேமை வெளியே போட்டுக்கொள்ளுங்கள்.