ஸ்பிட்ஃபயரா, 109-ஆ? மூக்கைக் கீழே தள்ளிப் பாருங்கள்

நான் ஓட்டும் விமான சிமுலேட்டர் கேமில் 1940-இன் போர் விமானங்களின் விலையைக் குறைத்திருக்கிறார்கள். "ரெண்டும் வாங்கக் கட்டுப்படியாகாதுண்ணே. ஸ்பிட்ஃபயரா, மெஸ்ஸர்ஷ்மிட்டா, ஒண்ணு சொல்லுங்க" என்று ஒரு தம்பி கேட்டார். ஸ்பிட்ஃபயர் பிரிட்டனுடையது, மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜெர்மனியுடையது. வேகம், குதிரைத்திறன் கணக்கெல்லாம் அவருக்கே தெரியும். இரண்டையும் வருஷக்கணக்கில் ஓட்டியதில் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஸ்பிட்ஃபயர் மார்க் 1 திரும்புகிற திருப்பத்துக்கு 109-இன் 'ஈ' ரகம் ஈடு கொடுக்காது. ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கை தூக்குவிசையை இழப்பதற்கு முன்பே விமானத்தை நடுங்க வைத்து எச்சரித்துவிடும். அந்த நடுக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டே வட்டமடித்தால் 109-இன் வாலுக்குப் பின்னால் போய் உட்காரலாம். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் விரல் நுனிக்குக் கட்டுப்படுகிறது. இவ்வளவு இணக்கமான விமானத்தை நான் வேறு கண்டதில்லை.

சரி, வாலைப் பிடித்தாயிற்று. 109-காரன் என்ன செய்கிறான்? ஸ்டிக்கை முன்னால் தள்ளி, மூக்கைக் கவிழ்த்து, நேராகக் கீழே பாய்கிறான். நானும் தள்ளுகிறேன். என் ஸ்பிட்ஃபயரின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் இருமுகிறது, அடங்குகிறது. மறுபடி பிடிக்கும்போது எக்ஸாஸ்டிலிருந்து கரும்புகை. அதற்குள் அவன் குண்டு எட்டாத தூரத்தில் புள்ளியாகிவிட்டான். எத்தனை வருஷம் ஓட்டினாலும் இந்த இடத்தில் ரத்தம் கொதிக்கிறது.

காரணம் கார்புரேட்டர். கார்புரேட்டர் பைக்குக்கும் எஃப்ஐ பைக்குக்கும் உள்ள வித்தியாசம்தான், உயிர் போகிற இடத்தில். மூக்கைத் தள்ளினால் கார்புரேட்டரின் மிதவை அறையில் பெட்ரோல் மேலே ஏறிவிடும். முதலில் எஞ்சினுக்குப் பெட்ரோல் கிடைக்காது, பிறகு அளவுக்கு மீறிக் கொட்டும். 109-இன் டிபி 601 எஞ்சினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது, அதனால் கவிழ்த்தாலும் கவலையில்லை. ரோல்ஸ் ராய்ஸ்காரர்கள் தெரியாமல் செய்யவில்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜருக்கு முன்பே பெட்ரோல் ஆவியானால் காற்று குளிர்ந்து சக்தி கூடும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் துரத்துகிறவனுக்கு அது உதவவில்லை. அன்றைய விமானிகள் அரை உருட்டு உருட்டி, தலைகீழாகி, ஸ்டிக்கை இழுத்துப் பாய்ந்தார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். அந்த உருட்டலுக்குள் ஆள் போய்விடுகிறான். 1940-இன் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயரைவிட அதிக விமானங்களை வீழ்த்திய பிரிட்டனின் இன்னொரு விமானமான ஹரிக்கேனுக்கும் இதே எஞ்சின், இதே நோய்.

இதற்கு வழி கண்டவர் பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங். புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் பைக்கில் பந்தயம் ஓட்டிய பெண்மணி. பெட்ரோல் குழாயில், நடுவில் துளையிட்ட ஒரு சின்னத் தடுப்பு. எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு தேவையோ அதற்கு மேல் பெட்ரோல் போகாது. 1941 தொடக்கத்தில் விமானத் தளம் தளமாகப் போய்ப் பொருத்தினார்கள். தலைகீழாகவே பறக்க அது உதவாது. ஆனால் எஞ்சின் மூச்சு முட்டி நிற்பது பெரும்பாலும் தீர்ந்தது.

ஜப்பானின் ஜீரோ போர் விமானத்துக்கும் இதே குறை உண்டு. 1942-இல் அலாஸ்காவின் அகுடான் தீவில் விழுந்த ஒன்றை அமெரிக்கர்கள் சரிசெய்து பறந்து பார்த்தபோதுதான் கண்டுபிடித்தார்கள். திருப்பத்தில் யாரும் தொட முடியாத அந்த விமானத்திடமிருந்து தப்பவும் மூக்கைத் தள்ளினால் போதும்.

109-இல் குறை இல்லாமலில்லை. பறக்கும்போது ரட்டரை, அதாவது வாலில் உள்ள திசைத் தகட்டை, சமன்படுத்த வசதி கிடையாது. வேகமெடுத்தால் பெடலை மிதித்தே கால் மரத்துப்போகும். பீரங்கிக்குத் தலா 60 குண்டுதான். லண்டன் வரை போனால் சண்டைக்குச் சில நிமிடப் பெட்ரோல்தான் மிஞ்சும். தரையில் அந்தக் குறுகிய சக்கரக் கால்களை நம்பவே கூடாது.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஸ்பிட்ஃபயர்தான் நல்ல விமானம். இருந்தாலும் தம்பி, 109-ஐ வாங்குங்கள். சண்டையை எப்போது முடிப்பது என்பது 109-காரன் கையில் இருக்கிறது. ஷில்லிங்கின் தடுப்பு போட்ட 1941 ஸ்பிட்ஃபயரை இவர்கள் வெளியிடட்டும், அப்போது வேறு பதில் சொல்கிறேன்.