உலாவியை வேகமாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்

எங்கள் வீட்டுக் கணினியில் உலாவி மெதுவாகிவிட்டது. அதைச் சரிசெய்யப் போய் ஒரே வாரத்தில் இரண்டு முறை ஏமாந்தோம். முதல் முறை நான், இரண்டாம் முறை என் அப்பா. தான் ஏமாந்ததை அப்பா இரண்டு நாள் என்னிடம் சொல்லவில்லை. பெரிய சேதம் நடந்தது அந்த இரண்டு நாளில்தான். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது அம்மா, ஒன்றையும் விடாமல் எழுது" என்றார். அதனால் விடாமல் எழுதுகிறேன்.

பக்கத்தைத் திறந்தால் எழுத்துகள் மட்டும் வந்து நிற்கும், படங்கள் வராது. கீழே நகர்த்தினால் திரை திக்கித் திக்கி நகரும். தட்டச்சு செய்தால் ஒரு சொல் முடிந்த பிறகுதான் அதன் முதல் எழுத்து திரையில் தெரியும். நாளிதழ் படிப்பதற்கும் உறவினர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவதற்கும் அப்பா இந்தக் கணினியைத்தான் நம்பியிருக்கிறார். அவர் பொறுமையாகக் காத்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், ஓர் இரவு தேடுபொறியில் தீர்வு தேடினேன். மேலே முதலாவதாக வந்ததைச் சொடுக்கினேன். அது தேடல் முடிவே அல்ல, விளம்பரம். அந்தச் சொல் சிறிய எழுத்தில் அங்கேயே இருந்தது, நான் படிக்கவில்லை.

இலவசப் பரிசோதனை என்றார்கள். பரிசோதனைக்கு முன்பு சில கேள்விகள்: கணினி மெதுவாக இருக்கிறதா, விளம்பரச் சாளரங்கள் வருகின்றனவா, அடிக்கடி உறைந்து நிற்கிறதா. ஒவ்வொன்றுக்கும் டிக் செய்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 1,312 பிரச்சினைகள் என்று சிவப்பு நிறத்தில் வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது உண்மை. ஓராண்டுச் சந்தா கட்டினால் எல்லாம் சரியாகும் என்றார்கள், கட்டினேன். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பெட்டியில் அவர்களே டிக் போட்டு வைத்திருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

அந்த 1,312 எவை என்று பின்னர் ஒவ்வொரு வகையாகப் பார்த்தேன். பெரும்பகுதி குக்கீகள். நாம் உள்நுழைந்திருப்பதை ஒரு தளம் நினைவில் வைத்துக்கொள்ள உலாவியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்புகள் அவை. சில விளம்பர நிறுவனங்கள் நம்மைப் பின்தொடரவும் அவற்றைப் பயன்படுத்துகின்றன, அது வேறு கவலை. ஆனால் அவற்றால் உலாவி இப்படித் திணறாது. அடுத்தது "பதிவேட்டுப் பிழைகள்". விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் இடம்தான் பதிவேடு. நீக்கிய மென்பொருள்களின் பழைய வரிகள் சில அங்கே மிச்சமிருப்பது வழக்கம், அவற்றைத் துடைப்பதால் வேகம் கூடுவதில்லை. பதிவேட்டைத் துடைக்கும் மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. மூன்றாவது "குப்பைக் கோப்புகள்". இதுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது. அவை உலாவியின் கேச். ஒரு தளத்தின் படங்களையும் நிரல்களையும் ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால், மறுமுறை போகும்போது அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதாவது வேகத்துக்காகவே இருப்பது. அதைத் துடைத்துவிட்டு "சுத்தமாகிவிட்டது" என்று பச்சை நிறத்தில் காட்டினார்கள். மறுநாள் காலை எல்லாப் பக்கங்களும் முன்னைவிடத் தாமதமாகத் திறந்தன. உள்நுழைந்திருந்த தளங்கள் எல்லாம் மறுபடி கடவுச்சொல் கேட்டன.

கேள்விக்கு நான் போட்ட டிக்குக்கும் வந்த முடிவுக்கும் தொடர்பு இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படி ஒரு மோசடி நடந்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில், அலுவலகப் பொருள்கள் விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் கடைகளில், வாடிக்கையாளர் கொண்டுவரும் கணினிகளுக்கு இலவசப் பரிசோதனை செய்தார்கள். தொடக்கத்தில் நான்கு கேள்விகள். அவற்றில் ஒன்றுக்கு டிக் விழுந்தாலும் தீய நிரலின் அறிகுறி இருப்பதாக முடிவு வரும்படி அந்த மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது என்பது அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019-இல் அந்த நிறுவனமும் மென்பொருளைத் தந்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. கண்ணுக்கு எதிரே கடையும் ஆளும் இருந்த இடத்திலேயே இப்படி என்றால், முகமே தெரியாத ஒரு பக்கத்தின் சிவப்பு எண்ணை நான் எப்படி நம்பினேன் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மென்பொருள் தனியாக வரவில்லை. உலாவியில் ஒரு நீட்சியையும் (உலாவியோடு ஒட்டிக்கொண்டு கூடுதல் வேலை செய்யும் சிறு நிரல்) நுழைத்து, தேடுபொறியையும் மாற்றிவிட்டது. அந்த நீட்சியை நீக்கப் போனால் நீக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. உலாவிப் பட்டியின் அடியில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற புதிய வரி ஒன்று இருந்தது. அலுவலகங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தும் வசதி அது. சில பாதுகாப்பு மென்பொருள்களாலும் அந்த வரி வரக்கூடும். ஆனால் வீட்டுக் கணினியில் காரணம் தெரியாமல் அது முளைத்தால், யாரோ உள்ளே புகுந்து விதிகளை எழுதியிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். நான் அன்று அதை அலட்சியமாக விட்டுவிட்டேன்.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். அந்தப் பக்கம் "அறிவிப்புகளை அனுமதிக்கவா?" என்று கேட்டபோது, சாளரம் போனால் போதும் என்று "அனுமதி"யை அழுத்தினேன். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் திரையின் வலது மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது: கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள். விண்டோஸ் தன் சொந்த அறிவிப்புகளைக் காட்டும் அதே மூலை. அப்பா அதை மைக்ரோசாஃப்ட் அனுப்பியதாக நினைத்ததில் வியப்பில்லை. தெரிந்துகொள்ளுங்கள்: மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. எண் இருந்தால் அது போலி, மேற்கொண்டு எதையும் ஆராயத் தேவையில்லை.

அப்பா அந்த எண்ணை அழைத்தார். பேசியவன் மிகப் பணிவாகப் பேசினானாம். "ஐயா, பதறாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றானாம். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவச் செய்தான். நேர்மையான தொழில்நுட்பப் பணியாளர்களும் பயன்படுத்தும் மென்பொருள்தான் அது, அதனால் எந்தப் பாதுகாப்பும் அதைத் தடுக்கவில்லை. திரையில் வந்த எண்ணை அப்பா படித்துச் சொன்னதும் சுட்டி தானாக நகரத் தொடங்கியது.

பிறகு அவன் காட்டிய மூன்று காட்சிகளையும் அப்பாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிவைத்திருக்கிறேன், ஏனென்றால் இவற்றைத்தான் எல்லோரிடமும் காட்டுகிறார்கள். முதலில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்து, சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான வரிகளைக் காட்டினான். அந்தப் பிழை வரிகள் நன்றாக ஓடும் கணினியிலும் இருக்கும். ஏதோ ஒரு சேவை தொடங்கச் சற்றுத் தாமதமானால்கூட அங்கே ஒரு வரி விழும். அடுத்து கறுப்புச் சாளரத்தில் ஒரு கட்டளை கொடுத்தான். மளமளவென்று வரிகள் ஓடின, கடைசியில் "வைரஸ் கண்டறியப்பட்டது" என்று வந்தது. ஓடியவை வெறும் கோப்புறைப் பெயர்கள். "ட்ரீ" என்ற கட்டளை அதை மட்டும்தான் செய்யும். கடைசி வரியை அவனே தட்டச்சு செய்திருக்கிறான்.

மூன்றாவதாக, கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிடும் பணி மேலாளரில் உலாவியின் பெயர் பதினைந்து இருபது முறை வந்திருப்பதைக் காட்டி, "பாருங்கள் ஐயா, வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது" என்றானாம். இந்தப் பொய்தான் மிகக் கெட்டிக்காரத்தனமானது, ஏனென்றால் அந்தக் காட்சி உண்மை. குரோம் 2008-இல் வெளிவந்த நாள் முதல் வேலையைத் தனித்தனி இயக்கங்களாகப் பிரித்துத்தான் ஓடுகிறது. ஒரு டேப் உறைந்தால் மற்றவை பிழைக்க வேண்டும் என்பதற்காக. 2018-இல் ஸ்பெக்டர் என்ற வன்பொருள் ஓட்டை வெளியானபின், ஒரு தளம் இன்னொரு தளத்தின் தகவலைத் திருடிவிடக் கூடாது என்று குரோமின் 67-ஆம் பதிப்பில் இந்தப் பிரிவினையை இன்னும் கடுமையாக்கினார்கள். அதனால் நினைவகத் தேவை 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகிளே சொன்னது. நம்மைக் காக்கப் போட்ட வேலியைக் காட்டியே அவன் அப்பாவைப் பயமுறுத்தியிருக்கிறான்.

பணம் போனது. ஓடிபியையும் அப்பாவே படித்துச் சொல்லியிருக்கிறார். அதோடு விட்டானா? "பின்னணியில் சுத்தம் நடக்கிறது, 48 மணி நேரம் கணினியை அணைக்காதீர்கள், வீட்டில் யாரும் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வைத்தான். அப்பா அப்படியே செய்தார். உள்ளே வருவதற்கான வழி இரண்டு நாள் திறந்தே கிடந்தது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், திறந்திருந்த மின்னஞ்சல், பொருள் வாங்கும் கணக்கு எல்லாம் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. மூன்றாம் நாள் அப்பாவின் மின்னஞ்சலில் புதிய இடத்திலிருந்து உள்நுழைவு என்ற செய்தி வந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார். "உனக்கு வேலை இருக்கும், எதற்குத் தொந்தரவு என்று நினைத்தேன் அம்மா" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நான் சந்தா கட்டிய கதையை நானும் அவரிடம் சொல்லியிருக்கவில்லையே. சொல்லியிருந்தால் அந்த எண்ணை அவர் அழைத்திருக்க மாட்டார்.

அன்று செய்தவை: முதலில் இணைய இணைப்பைத் துண்டித்தோம். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும்படி செய்தோம். மின்னஞ்சல்தான் முதலில், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் சாவி அங்கே இருக்கிறது. வங்கியை அழைத்து அட்டைகளை முடக்கினோம், இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். ஆவணங்களையும் படங்களையும் வேறு வட்டில் எடுத்துவைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். அந்த நீட்சி எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று தேடிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

இனிமேல்தான் முக்கியமான பகுதி. புதிய விண்டோஸில் உலாவி பறந்தது. ஆனால் என் கணக்கில் உள்நுழைந்த அரை மணி நேரத்தில் பழையபடி திணறத் தொடங்கியது. நெஞ்சு அடைத்துவிட்டது. அலுவலகத் தோழி ஒருத்தி தொலைபேசியில் கேட்டுவிட்டு, "உலாவிக்குள்ளேயே ஒரு பணி மேலாளர் இருக்கிறது, ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்திப் பார்" என்றாள். குரோமிலும் எட்ஜிலும் அப்படி வரும். ஃபயர்ஃபாக்ஸில் "மேலும் கருவிகள்" பட்டியலில் இருக்கிறது. எந்த டேப், எந்த நீட்சி எவ்வளவு நினைவகத்தையும் செயலியையும் தின்கிறது என்று பெயரோடு காட்டும். முதலிடத்தில் இருந்தது, ஆவணங்களை வடிவம் மாற்ற நான் பல ஆண்டுகளுக்கு முன்பு சேர்த்த ஒரு நீட்சி. நான் எதையும் திறக்காதபோதும் செயலியில் பாதியை அது பிடித்து வைத்திருந்தது. கணக்கில் உள்நுழைந்ததும் உலாவி என் பழைய நீட்சிகளையெல்லாம் தானே மறுபடி கொண்டுவந்துவிட்டதால் அதுவும் கூடவே வந்திருக்கிறது. நீக்கினேன். திணறல் அந்த நொடியே நின்றது. பத்து நிமிட வேலை, ஒரு காசு செலவில்லை.

சேர்த்தபோது நல்லதாக இருந்த நீட்சி அப்படியே இருக்கும் என்று எண்ணாதீர்கள், கை மாறும். "தி கிரேட் சஸ்பெண்டர்" என்ற நீட்சி, பயன்படுத்தாத டேப்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் என்று பெரிய பெயர் பெற்றிருந்தது. 2020-இல் அதை உருவாக்கியவர் விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில், தீய நிரல் இருப்பதாகக் கூறி கூகிள் அதைத் தன் கடையிலிருந்து அகற்றியது. இப்போது அந்த வேலைக்கு நீட்சியே வேண்டாம். குரோமின் அமைப்புகளில் "செயல்திறன்" பகுதியில் மெமரி சேவர் இருக்கிறது, எட்ஜிலும் டேப்களை உறங்கவைக்கும் வசதி உண்டு. என்னிடம் இருந்த பதினேழு நீட்சிகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். தளங்களுக்குக் கொடுத்திருந்த அறிவிப்பு அனுமதிகளையும் எடுத்துவிட்டேன்.

எல்லா மந்தத்துக்கும் நீட்சி காரணம் என்று சொல்ல மாட்டேன். நினைவகம் 4 ஜிபிதான் என்றாலோ, சுழலும் பழைய வட்டு என்றாலோ, எந்த மென்பொருளாலும் அதை மாற்ற முடியாது. நினைவகத்தைக் கூட்டினாலோ, சுழலும் வட்டுக்குப் பதில் சுழலாத எஸ்எஸ்டி வட்டு போட்டாலோதான் மாறும். விண்டோஸ் 7, 8.1 கணினிகளில் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அங்கே "உலாவியைப் புதுப்பியுங்கள்" என்று எந்தப் பக்கம் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நான் கட்டிய சந்தாவை வங்கி திருப்பித் தந்தது. அப்பாவின் பணம் வரவில்லை, ஓடிபி கொடுத்திருப்பதால் விசாரணையில் இருக்கிறது என்கிறார்கள். கடந்த செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. சேவை நிறுவனத்தை மூடுகிறோம், உங்கள் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், கணினியைத் திறந்து அந்த மென்பொருளை மறுபடி நிறுவுங்கள் என்றார்களாம். ஒருமுறை ஏமாந்தவர்களின் எண்ணுக்கு இப்படி இரண்டாம் அழைப்பு வருவது வழக்கமாம். அப்பா பதில் பேசாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வந்த எண்ணையும் நேரத்தையும் தாளில் குறித்து என்னிடம் கொடுத்தார். மறுநாள் இருவரும் போய் அதையும் புகாரில் சேர்த்துவிட்டு வந்தோம்.